குறுக்குக் கோடு போட்ட ஏழு

தாழ்வாரத்தில் ஜொனெல் ஓடி வரும் சத்தம் கேட்டதும் பேராசிரியர் வெர்லீன் பேனாவைக் கீழே வைத்தார். அழுதுகொண்டுதான் வருவாள். அவளை அழவைத்தது யார் என்று வெர்லீனுக்கு மட்டும்தான் தெரியும்.

பால்டிமோரின் அந்தப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் அவர் ஒருவர்தான் கறுப்பினப் பெண். உதவித்தொகைத் தேர்வின் விடைத்தாளில் பெயர் கூடாது, எண் மட்டும் போதும் என்று இரண்டு வருடம் மல்லுக்கட்டி மாற்றியவரும் அவரே. இருப்பது ஒரே இடம். கிடைத்தால் பட்டம் வாங்கும்வரை படிப்பு இலவசம்.

தாள்களை மூன்று பேர் பங்கு போட்டுத் திருத்தினார்கள். வெர்லீனின் பங்கில் வந்த பதினான்காம் எண் தாளில், ஒவ்வொரு ஏழுக்கும் நடுவே குறுக்குக் கோடு. கறுப்பினப் பிள்ளைகளுக்காக அவர் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் ஜொனெல் அப்படித்தான் எழுதுவாள்.

'தன் இனத்துப் பிள்ளையைத் தூக்கிவிட்டாள் என்று பேசுவார்களே!'

கணக்கில் ஒரு படி விடுபட்டிருந்தது. வேறு தாளாக இருந்தால் விட்டிருப்பார். இதில் இரண்டு மதிப்பெண்ணை வெட்டினார். பதினான்கு ஒரே மதிப்பெண்ணில் தோற்றது.

கதவு படாரென்று திறந்தது. ஜொனெல் நின்றாள். அவள் பின்னால், எப்போதும்போல் சத்தமில்லாமல், அதே சனிக்கிழமை வகுப்பில் படிக்கும் கெசையா.

"மேடம்! கெடச்சிருச்சு! சீட்டு எனக்குத்தான்!"

வெர்லீன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கா? உன் நம்பர் பதினாலு இல்லையா?"

"ஒம்போது மேடம். துள்ளிக் குதிப்பீங்கன்னு ஓடி வந்தா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க!"

"இல்லடி... அந்த ஏழு... குறுக்குக் கோடு..."

"அதுவா? போர்டுல நீங்க போடுறதப் பாத்துத்தானே எல்லாரும் அப்படி எழுதுறோம்!"

வெர்லீனுக்கு மூச்சு திரும்பியது. ஜொனெலுக்குத் துரோகம் செய்யவில்லை! அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

அவள் தோளுக்கு மேலாகத்தான் கெசையாவின் முகத்தைப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. எங்கு போனாலும் தான் ஒருத்தியாகவே இருந்து பழகியவர், தாள்களிலும் ஒருத்தியைத்தான் தேடியிருந்தார்.

தோழிக்காகச் சிரிக்க முயன்றபடியே கெசையா சொன்னாள்:

"பதினாலு நான்தான் மேடம்."