தொடுதிரை வகுப்பு

"என்னம்மா நீங்க, இன்னிக்குப் பாத்தா லேட்டா வருவீங்க? ஆய்வாளர் என் ரூம்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருக்காரு."

வாசலிலேயே மடக்கினார் கல்லூரி முதல்வர். அந்தப் பெண் மூச்சு வாங்க நின்றாள். பகலில் அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை.

"மேனேஜர் லேசுல பர்மிஷன் தரல சார். கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு மணி நேரம் வாங்கிட்டு வந்திருக்கேன்."

"சரி, எல்லாரும் க்ளாஸ்ல ரெடியா இருக்காங்க. போய் ஆரம்பிங்க. அங்கீகாரம் மட்டும் போச்சுன்னா நம்ம டிப்ளமோ பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்."

"எனக்குத் தெரியாதா சார்? என் ரெண்டு வருஷமும்ல சேர்ந்து போயிடும்." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை நேர டிப்ளமோ அது. 'உங்கள் விரல்நுனியில் உலகக் கல்வி' என்று ஊரிலுள்ள பஸ்களின் முதுகிலெல்லாம் விளம்பரம். அந்த உலகக் கல்விக்காக வாங்கிய பெரிய தொடுதிரையின் பிளாஸ்டிக் உறையை அன்று காலையில்தான் பியூன் உரித்துப் போட்டிருந்தார்.

ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வழுக்கை, நரை, மூக்குக்கண்ணாடி என்று பத்துப் பன்னிரண்டு பேர்.

"கொஞ்சம் வயசானவங்களா இருக்காங்களே?"

"வேலை பாக்கறவங்க கோர்ஸ் இல்லையா சார், அப்படித்தான் இருக்கும்."

"சாயங்கால வகுப்புன்னு சொன்னீங்க. காலைல எப்படி இத்தனை பேர்?"

"எல்லாம் உங்களுக்காகத்தான் சார்." முதல்வர் குழைந்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் நின்றவளைக் காட்டினார். "இவங்க பகல்ல ஆபீஸ், சாயங்காலம் இங்க. இந்த மாதிரி தொழில் அனுபவம் உள்ளவங்களாப் பாத்துத்தான் நாங்க சேத்திருக்கோம்."

ஆய்வாளருக்கு முகம் மலர்ந்தது. காலத்துக்கேற்ற கல்வி என்பதைப் பற்றி அவர் போகிற இடமெல்லாம் பேசுபவர்.

அவள் திரையில் விரலை வைத்து இழுத்தாள். ஒரு கடையின் ஆறு மாத விற்பனை எண்கள் சட்டென்று கோடுகளாக மாறின. இன்னொரு தட்டு தட்டியதும் பொருளுக்கு ஒரு நிறம் வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

"இருங்க, நான் ஒரு கேள்வி கேக்கறேன்." ஆய்வாளர் குறுக்கிட்டார். "நாலாவது மாசம் கோடு ஏன் இப்படித் தடால்னு இறங்குது? முதல் பெஞ்ச், நீங்க சொல்லுங்க."

முதல் பெஞ்ச் வழுக்கைக்காரர் நிதானமாக எழுந்தார். "அது அடுத்த யூனிட்ல வரும் சார்."

"நீங்க சொல்லுங்கம்மா."

கண்ணாடி போட்ட அம்மாள் திரையை ஒருமுறை பார்த்தார், கூரையை ஒருமுறை பார்த்தார். "சிலபஸ்லயே இல்லைன்னு நினைக்கறேன் சார்."

ஆய்வாளரின் புருவம் ஏறியது. முதல்வர் கைக்குட்டையைத் தேடினார். ரெண்டு வருஷ உழைப்பு கண்ணெதிரே கரைவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நானே சொல்லிடறேன் சார். மூணாவது மாசம் தள்ளுபடி குடுத்திருக்காங்க. ஜனங்க அடுத்த மாசத்துக்கும் சேத்து அப்பவே வாங்கிட்டாங்க. கோடு இறங்கினாலும் கடைக்கு நஷ்டம் இல்ல."

அதோடு விடவில்லை. ஆறு மாதத்தையும் சேர்த்துப் போட்டு, பொருள் பொருளாகப் புட்டுப் புட்டு வைத்தாள். ஆய்வாளர் நின்ற இடத்திலேயே பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"அங்கீகாரம் குடுத்தாச்சு. மேடம் நடத்தினது ஏ ஒன். ஆனா பெஞ்சுல இருக்கறவங்க ரொம்ப சுமார். இவங்களையெல்லாம் எப்படித்தான் வேலைல வச்சிருக்காங்களோ."

"நானும் அதைத்தான் சார் யோசிக்கறேன்," என்றார் முதல்வர், மனப்பூர்வமாக.

ஆய்வாளரின் கார் தெருமுனை திரும்பியது. பெஞ்சுகளில் ஆளாளுக்குச் சோம்பல் முறித்தார்கள். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். மேனேஜர் கொடுத்த இரண்டு மணி நேரம் முடியப்போகிறது.

"பிரமாதம்மா. இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டே?" என்றார் வழுக்கைக்காரர், எழுந்திருக்காமலே.

"ஆபீஸ்லதான் சார்." வாசல் வரை போனவள் திரும்பினாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"நாளைக்காவது நீங்க வந்து பாடம் நடத்துங்க சார், ஸ்டூடண்ட்ஸ் நாங்க பெஞ்சுல உக்காந்துக்கறோம்."