பூபதி வாங்கிய கேசட்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இரண்டாயிரத்து ஐந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், வரவேண்டிய கோபம்தான்.

"ஏனுங்க பாய், இதை எங்கூட்டுப் புள்ளைக்கு வித்தது நீங்கதானுங்களே?"

காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஃபேன்ஸி கடை. கண்ணாடிப் பெட்டி மேல் அந்தக் கேசட்டை டக்கென்று வைத்தாள் கலைச்செல்வி. டி.வி.யில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் கேசட். அட்டையில் துப்பாக்கியோடு ஒருவன். அவன் காலடியில் ரத்தத்தில் கிடக்கிறார்கள் நாலு பேர்.

அவள் இடுப்பில் கைக்குழந்தை. மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து காலை பஸ்ஸில் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. குரலில் தெரியவில்லை.

கடைக்காரர் அப்துல் கரீம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம கடைச் சரக்குதாம்மா. ஓடலீங்களா? மாத்தித் தர்றேன்."

"நல்லா ஓடுதுங்க, அதுதான் வினையே! பூபதின்னு எங்க கொழுந்தன். பத்தாவது படிக்கிறான், பதினஞ்சு வயசு. ஒரு மாசமா ராவும் பகலும் இதே வேலைங்க. தலையில குறி வெச்சுச் சுட்டா நூறு பாயின்ட்டாம். போன ஞாயித்துக்கிழமை சாமைக் காட்டுல குருவி ஓட்டுற கவணை எடுத்தான். பக்கத்தூட்டு அத்தாயி மவன், அஞ்சு வயசுக் குழந்தைங்க, வரப்புல நின்னுட்டிருந்துச்சு. 'நூறு பாயின்ட்'டுன்னு கத்திக்கிட்டே கல்லை உட்டுட்டான். நெத்தியில நாலு தையல். ஒரு விரக்கடை தள்ளிப் பட்டிருந்தாக் கண்ணு போயிருக்கும்."

கரீமின் முகம் சுருங்கியது. "யா அல்லா... இருந்தாலும், கல்லை உட்டவன் அவன். என்னைப் புடிச்சா எப்படிம்மா? ஊட்டுல பெரியவங்க நீங்கதான் கண்டிக்கோணும்."

"கண்டிக்காமயா இருப்பேன்? கேசட்டைப் புடுங்குனா சோத்துத் தட்டைத் தள்ளி உடுறான். அவனுக்கு ஆத்தா இல்லீங்க. அண்ணின்னா ஆத்தா எடம்னு சொல்லித்தான் என்னை அந்த ஊட்டுக்குக் கொண்டாந்தாங்க. இன்னொருக்கா இப்படி நடந்தா போலீசுக்குப் போவேன்னு அத்தாயி சொல்லிட்டா. கேஸுன்னு ஆனா அவன் படிப்பு போச்சுங்க. அவனாச்சும் படிக்கட்டும்னு பார்க்கறேன்."

"நான் விக்கலேன்னா சேலத்துல போய் வாங்குவான். இது தப்புன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? சர்க்காரே சும்மாதானே இருக்கு?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்! பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு பீடி விக்கக்கூடாதுன்னு உங்க கடையிலயே போர்டு தொங்குது. பீடி புடிச்சா நெஞ்சு கெடும். இதுல மண்டையே கெடுதே, இதுக்கு ஏன் ஒரு போர்டு இல்ல? சர்க்காருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எல்லாத்துக்கும் சட்டம் போட்டா யாவாரம் பண்ண முடியுமா? அவன் கேட்டான், குடுத்தேன். நானா வலியப் போய் அவன் கையில திணிச்சேன்?"

கலைச்செல்விக்கு மூக்கு விடைத்தது.

"பதினஞ்சு வயசுல ஒரு புள்ளைக்கு என்னங்க தெரியும்? எதைக் கையில குடுத்தாலும் வாங்கிக்கும். வேண்டாம்னு சொல்லத் தெரியாது. இந்த வயசுக்கு இது ஆகுமான்னு குடுக்கறவங்கதானுங்க ரோசிக்கோணும்!"

சத்தத்தில் குழந்தை சிணுங்கியது. உள்ளேயிருந்து கரீமின் மனைவி சலீமா பீவி வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"மலையில இருந்து கைப்புள்ளையோட வந்து கேக்குது. அது சொன்னதுல எது தப்பு, சொல்லுங்க பார்க்கலாம்" என்று கணவரை மடக்கினார். "நம்ம பையன் முபஷிர் இதைத் தொட்டா சும்மா இருப்பீங்களா?"

"முபஷிருக்கு நான் ஏன் இதைக் குடுக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டார் கரீம். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"அப்படிப் போடுங்க! உங்க புள்ளைக்கு ஆகாது, எங்கூட்டுப் புள்ளைக்கு மட்டும் ஆகுமாக்கும்?"

கரீம் அலமாரிப் பக்கம் திரும்பினார். சுடுகிற கேசட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டார். "இனிமே சின்னப் பசங்க கேட்டா இல்லேம்பேன். போதுமாம்மா?"

"நீங்க ஒருத்தர் நிறுத்துனாப் பத்தாதுங்க பாய். சர்க்கார் சட்டம் போட்டாத்தான் எல்லாக் கடையிலயும் நிறுத்துவாங்க. திங்கக்கிழமை நாமக்கல்லுல கலெக்டர் மனு வாங்குவாராமே. நீங்களே நல்ல தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் கொண்டு போறேன்."

கரீம் வெள்ளைத்தாள் எடுத்தார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார்: "பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் அறியாப் பிள்ளைகள். பெரியவர்கள் தவறினால் அவர்களைக் காக்க வேண்டியது அரசாங்கத்தின் கடமை..."

"ஆமாங்க, அதை நல்லா அழுத்தி எழுதுங்க."

முடித்துவிட்டுக் கரீம் நிமிர்ந்தார். "கீழே விவரம் போடோணும். பேரு கலைச்செல்வி, ஊரு குண்டூர் நாடு. வயசு எவ்வளவும்மா?"

"பூபதியும் நானும் ஒரே கிளாஸுல படிச்சவங்கதானுங்க" என்றாள் கலைச்செல்வி, பாலுக்கு அழுத தன் குழந்தையைச் சலீமாவிடமிருந்து வாங்கிக்கொண்டே. "அவனை விட மூணு மாசம் சின்னவ நான்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பிள்ளைகளாகவே இருந்து வளரட்டும், கண்ணுகளா. உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.