ஆறாத ஈயம்

ராஜபாளையத்தில் ரேடியோக் கடை வைத்திருந்த வைகுண்டராஜிடம், செத்துப்போன நண்பர் ஐயாதுரையின் மனைவி செல்லக்கனி, மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் அவருடைய பழைய ஆசிலாஸ்கோப்பைக் கொண்டுவந்தாள்.

"அவிய ரிப்பேர பாதியில போட்டுட்டுப் போயிட்டாவ. வருசம் ஒண்ணாச்சு. ஓடுமான்னு பாருங்கண்ணே."

துருவேறிய திருகுகளைக் கழற்றி, வழக்கம்போல முதலில் உள்ளே முகர்ந்து பார்த்தார். கருகிய வாசம் இல்லை. இப்போதுதான் ஈயம் பற்றவைத்ததுபோல சால்டரிங் பேஸ்ட் உருகிய வாசம் வந்தது. பளபளத்த ஈயத்துளி ஒன்றை விரலால் தொட்டார். சுட்டது. பிளக்கை அவர் இன்னும் செருகவேயில்லை.

செருகியதும் திரையில் பச்சைக் கோடு ஆடாமல் ஓடியது.

"பழுது ஒண்ணுமில்லம்மா."

"அப்ப முடிச்சிட்டாவ" என்றாள் செல்லக்கனி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிப்போனாள். விரல் நுனியில் எழும்பிய கொப்புளத்தைப் பார்த்தபடி வைகுண்டராஜ் உட்கார்ந்திருந்தார். வலிக்கவில்லை.