இரண்டாவது உருண்டை

“எடுத்துடுவா மிஸ். பாருங்க, இப்ப எடுத்துடுவா” என்றாள் ருமினி, கண்ணாடிச் சுவரில் மூக்கு இடிக்காத குறையாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மகள் வெனிங் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. எதிரே தட்டில், உள்ளே வெல்லப்பாகு வைத்து, தேங்காய்ப்பூ புரட்டிய ஒரே ஒரு கிளெப்போன் உருண்டை.

“பெத்தவங்க நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?” என்றாள் நாத்யா. ஜகார்த்தாவிலிருந்து இந்தச் சோலோ நகரத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பேச்சு வளராத பிள்ளைகளைச் சோதித்து, சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

வெனிங்குக்கு இரண்டு சொல்லுக்கு மேல் கோக்க வராது. சீட்டுகளை நிறப்படி பிரித்தாள். வடிவப்படி மாற்றச் சொன்னதும் நிறத்தையே பிடித்துக்கொண்டாள். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் நேராகவே சொன்னாள். மிச்சம் இந்தச் சோதனைதான். “நான் திரும்பி வர்ற வரைக்கும் தொடாம இருந்தா இன்னொண்ணும் தருவேன், சரியா?” என்றதற்குத் தலையாட்டியிருந்தாள்.

“இதுவும் போச்சுன்னா?”

“சிறப்புப் பள்ளிதான்.”

“பஸ்ல ரெண்டு மணி நேரம் மிஸ். எதிர்வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் தெருமுனைப் பள்ளிக்கூடம் போகும். இவ மட்டும்...”

ஐந்து நிமிடம். பத்து. வெனிங் குனிந்து முகர்ந்தாள். எச்சில் விழுங்கினாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். பதினைந்து.

“என் அக்கா பையன் ஒரு நிமிஷம்கூடத் தாங்கல!” நாத்யா துள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது உருண்டையைத் தட்டில் வைத்தாள். சுயகட்டுப்பாட்டுக்கு முழு மதிப்பெண் போட்டு, ‘சாதாரணப் பள்ளி’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பின்னாலேயே வந்த ருமினி தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

தட்டில் இரண்டும் அப்படியே இருந்தன.

“ஏன், பிடிக்கலையா?”

“அவளுக்கு அது உயிராச்சே. நீங்கதான் இன்னும் ‘சாப்பிடு’ன்னு சொல்லலையே மிஸ்” என்றாள் ருமினி. “அடுத்தவங்க தட்டு. அவங்க வாயால சொல்லாம தொட்டா எங்க வீட்டுல அடி விழும். ஆளில்லாத இடத்துல மானத்தை வாங்கிடுவாளோன்னுதான் பயந்தேன். மத்தபடி, நீங்க நீளமா ஏதோ சொன்னீங்களே, அதெல்லாம் அவளுக்கு எங்க புரியும்? தலையை எல்லாத்துக்கும்தான் ஆட்டுவா.”

நாத்யா தாளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

“சாப்பிடு கண்ணு” என்றாள். பிறகு, கையெழுத்தின் மை சீக்கிரம் காயட்டும் என்று ஊதினாள்.