கூடத்தில் ஒரு ஷட்டர்

ஆவணி மூன்று, வியாழன்; விடியலிலிருந்தே தூறல். வெளியூர் மருத்துவர்களின் அலுவல்களைக் கணினி வழியே கவனிக்கும் சிறுதொழிலைக் கூடத்து மூலையில் நடத்தினாள் சண்பகவல்லி. சும்மா இருப்பவளென்று எண்ணி வீட்டார் ஓயாமல் ஏவினார்கள். இன்னோர் அழைப்பு தவறினால் வேறு ஆளைப் பார்ப்பதாக முதன்மை வாடிக்கையாளர் எச்சரித்துவிட்டார். ஆகவே, கடைகளுக்கு மாட்டும் இரும்பு ஷட்டரை அவள் தன் மேசைக்கு முன்னால் பொருத்தினாள். அன்று காலை முதன்முறையாக அதைத் தடதடவென்று உயர்த்தியதும் வீடே அடங்கியது. மாமியார் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இருபுறமும் வைத்தார்.

“சண்பகம், ஒரு காப்பி!” என்றான் கணவன்.

“ஏலேய், கடை திறந்திருக்கது கண்ணு தெரியலையா? யாவார நேரத்துல கூப்பிடுத! நீயே போட்டுக் குடி, எனக்கும் ஒண்ணு கொண்டா” என்று அதட்டினார் மாமியார்.

கணினியில் அழைப்பு ஒலித்தது. சண்பகவல்லி முதல் மணியிலேயே எடுத்தாள். அவ்வீட்டின் ஏவல் ஓய்ந்தபோது காலை மணி ஒன்பது பதினான்கு.