பச்சை நாடா

குண்டு வெடித்தால் என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் வாராவாரம் ஒத்திகை. காயம்பட்ட பொம்மைகளுக்கு ஊழியர்களின் சொந்த வீட்டு முகங்களையே, குரலோடு பொருத்துவார்கள். நிஜமாக வெடிக்கிற அன்றைக்கு யாருக்கும் கை நடுங்கக் கூடாதாம். நர்ஸ் பிலோமினா முதல் தடவை மகள் ஷைனியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் "அம்மா" என்று அலறும் அந்த முகத்தைத் தாண்டி, காத்திருக்கலாம் என்று பச்சை நாடாவைக் கட்டிவிட்டு, சத்தமில்லாமல் கிடக்கும் பொம்மையிடம் ஓடுகிறாள். அலறுகிறவர்களுக்கு மூச்சாவது இருக்கிறது.

போன வாரம் ஷைனி சைக்கிளோடு விழுந்து கதறியபோதுகூட, "அழுறேல்ல, அப்போ ஒண்ணுமில்ல" என்றபடி பிலோமினா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

இன்று வேலை முடிந்து வந்தவள், மாடிப்படிக்குக் கீழே மகள் அசையாமல் கிடப்பதைக் கண்டு பாய்ந்தாள். மூச்சு சீராக இருந்தது. முழங்கைதான் ஏடாகூடமாகத் திரும்பியிருந்தது.

"இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு கத்தியிருக்கலாம்ல பாப்பா?"

ஷைனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கத்தினா நீ வரமாட்டியேம்மா."

பிலோமினா துப்பட்டாவால் அந்தக் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினாள். கட்டு கச்சிதமாக விழுந்தது. கொஞ்சமாவது நடுங்காதா என்று தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.