வேரில் ஒட்டிய மண்

கோயில் தெருவில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த தன் மனைவியை, பொரிக்கடைத் தட்டி மறைவிலிருந்து தாவீது பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியபாளையம். பவானியம்மன் கோயில். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற ஆரோக்கியமேரிக்கு இங்கே என்ன வேலை?

அவளைப் பொறுத்தவரை அவன் இப்போது பகல் ஷிஃப்டில் இருக்கிறான். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு கிளம்பியவன், புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். பஸ் ஏறினாள். பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும், பேசாமல் வேலைக்கே போய்விடலாமா என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு அடுத்த வண்டியைப் பிடித்தான்.

எல்லாம் செடியில்தான் தொடங்கியது.

எழுபத்து நாலில்தான் அவர்கள் புதுவாயலில் சொந்தமாக ஓட்டு வீடு கட்டிக் குடிவந்தார்கள். வாசலில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். மேரிக்கு ரோஜா பிடிக்கும், குரோட்டன்ஸ் பிடிக்கும். மெட்ராஸிலிருந்து தொட்டியோடு வாங்கி வருவதாக அவனும் சொல்லியிருந்தான்.

மழை தொடங்கியதும் அவள் மனசு மாறிவிட்டது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் ஆடாதோடை. அடுத்த வாரம், அவன் படுக்கிற ஜன்னலுக்கு நேராக நொச்சி. அப்புறம் தூதுவளைக் கொடி. ஆடுகூட வாய் வைக்காத வேலிச் செடியெல்லாம் அவன் வீட்டு முகப்புக்கு வந்துவிட்டது.

“இத்த எங்கேந்து புடிச்சே?”

“ஏரிக்கரையில கெடந்துச்சு.”

அவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னது அவனுக்கு உறுத்தியது. ஏரிக்கரை முழுக்கச் சுற்றி வந்தான். சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றுமில்லை.

நெடுஞ்சாலையோர வார்ப்புப் பட்டறையில் அச்சுக்கு மண் குழைக்கிறவன் அவன். தூதுவளை வேரில் ஒட்டியிருந்த மண்ணை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தான். ஏரிக் களி இல்லை. ஆற்று மணல்.

அப்படியென்றால் யாரோ கொடுக்கிறார்கள். யாரோ அவளுக்காகத் தேடித் தேடிக் கொடுக்கிறார்கள்.

பிறகு காலையில் கஷாயம் வரத் தொடங்கியது. லோட்டாவை நீட்டிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை. கூட வேலை செய்கிற அருணாச்சலம் வேறு, மருந்து வைத்தே புருஷனைப் படுக்கப் போட்ட ஒருத்தியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தான். மறுநாளிலிருந்து, ஆறினதும் குடிக்கிறேன் என்று சொல்லிக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்க் கொட்டினான் தாவீது.

இப்போது வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மேரியை நெருங்கினான். என்னவோ கேட்டான். மேரி சிரித்தாள்.

தாவீது மறைவை விட்டு வெளியே வந்தான்.

அவள் கை காட்டிய பக்கம் திரும்பி அந்த ஆள் யாரையோ அழைத்தான். பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஓடிவந்து சேர்ந்துகொள்ள, குளக்கரையைப் பார்த்து நடந்தான்.

தாவீது மறுபடி தட்டிக்குப் பின்னால் போனான்.

மேரி பொரிக்கடையை ஒட்டியிருந்த வேப்பிலைக் குவியலிடம் வந்தாள். நேர்த்திக்கடனுக்கு வேப்பிலை உடுத்துகிறவர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போகிற இடம். குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மஞ்சள் சேலை. சடை விழுந்த முடி. நெற்றி நிறையக் குங்குமம்.

தாவீது தட்டியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பெண் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு செடியை மேரியின் கையில் வைத்தாள்.

“கண்டங்கத்திரி. ஆத்தங்கரையெல்லாம் தேடி எடுத்தாந்தேன். பாத்துப் புடி, முள்ளு குத்தும். கோபாலுக்கு இருமல் கொறஞ்சிதா?”

“தெனம் குடிக்கிறாரு அத்தே. ஆனா ராவெல்லாம் இருமிக்கினுதான் கீறாரு.”

“அப்போ இதையும் சேத்துப் போடு. பட்டறத் தூசி நெஞ்சுல ஏறிகீது, அது எறங்கணும்.” அவள் குரல் தாழ்ந்தது. “யாரு குடுத்ததுன்னு மட்டும் சொல்லிடாதம்மா. கொட்டிடுவான்.”

கோபால். ஞானஸ்நானத்துக்கு முன்னால் தாவீதுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது.

பெண் கேட்கப் போன அன்று, மேரியின் அப்பா அவன் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். வேப்பிலை விற்று, ஆடி மாதம் முழுக்கச் சாமியாடுகிற அம்மாவைக் காட்டினால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்தான். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொன்னான்.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும், தான் பார்த்தேயிராத மாமியாருக்காக மேரி ஒரு மெழுகுவத்தி ஏற்றி வைத்து, முழங்காலில் நின்று வேண்டிக்கொள்வாள். அவனும் பக்கத்தில் தலைகுனிந்து நிற்பான்.

போன மாதம் கல்லறைத் திருநாள் வந்துபோனது. அவள் மெழுகுவத்தி ஏற்றவில்லை.

அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.